எழுத்துத் தடையும் ஏற்ற கல்வியும்

வகுப்பில் வினா எழுப்பினால் முதலில் கை உயர்த்துவான். கதை ஒன்றைக் கேட்டால் முறை பிறழாமல் திருப்பிச் சொல்வான். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் பெயரறிந்து கடலின் போக்கை உரைப்பான். ஆயின், பாடநூலைக் கையிற் கொடுத்து வாசிக்கச் சொன்னதும் நா எழாது, முகம் வாடும். இத்தகைய மாணவனை இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் ஆகிய நம் கடற்கரை ஊர்களில் ஆசிரியராய் இருப்போர் கண்டிருப்பர். 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் நாமே அவனுக்குப் பெயர் சூட்டியிருப்போம். அப்பெயர்கள் பொருந்தா என்பதையும், அவனுக்கு ஏற்ற கல்வி யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

அறிவுக் குறைவன்று

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அறிவும் கணக்குத் திறனும் உடைய அச்சிறுவனால் எளிய சொற்களையும் வாசிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடப்பின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் குறித்துள்ளார். இந்நிலையே 'டிஸ்லெக்சியா' எனப்படுவது. இது கண்ணின் கோளாறன்று. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அவ்வொலிகளை எழுத்தோடு விரைந்து பொருத்தும் மூளைச் செயலில் அமைந்த வேறுபாடு ஆகும். குடும்பவழித் தொடர்வதும் உண்டு. எழுதுவதில் தோன்றும் தடையை 'டிஸ்கிராபியா' என்றும், எண்ணறிவில் தோன்றுவதை 'டிஸ்கால்குலியா' என்றும் கூறுவர். நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு வாசிப்புத் தடை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வாறாயின், 40 பேர் பயிலும் வகுப்பில் இருவர் முதல் நால்வர் வரை இத்தகையோர் இருத்தல் கூடும்.

மொழி வேறு, எழுத்து வேறு

இவ்வுண்மையை நம் சமுதாயம் எளிதில் உணரலாம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதினர். அரபுத் தமிழ் எனப்படும் அவ்வழக்கில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் நூல்கள் இயற்றியுள்ளார்கள். எழுத்து மாறினும் மொழி தமிழாகவே நின்றது. மொழி உயிர் எனின், எழுத்து அதன் உடை. உடை உடுத்தத் திணறும் பிள்ளையை உயிரற்றவன் என்பது முறையாகுமா?

தமிழெழுத்தின் வரிசை ஒழுங்கானதே. எனினும், 247 எழுத்துகளைப் பயிலும் பிள்ளைக்குச் சில இடர்கள் உள்ளன. 'கொ' என்பதில் முதலில் காணப்படுவது கொம்பு. முதலில் ஒலிப்பதோ ககரம். பகரம் 'பல்' என்பதில் ஒருவாறும் 'கம்பு' என்பதில் வேறொருவாறும் ஒலிக்கும். ல, ள, ழ வேறுபாடு பேச்சில் மங்கியது. இவற்றோடு ஆங்கிலமும் அரபும் ஒரே வயதில் வந்து சேர்கின்றன. பிற பிள்ளைகள் கடக்கும் இவ்விடர்கள் இப்பிள்ளையை நிறுத்திவிடுகின்றன.

தனியார் முயற்சியும் சட்டமும்

சென்னையில் 1991இல் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி தருதல், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல் ஆகிய இரண்டையும் அது மேற்கொண்டது. பிள்ளையை என்றென்றும் பிரித்துவைப்பது இத்தகைய பயிற்சியின் நோக்கமன்று. பொதுப்பள்ளியில் பயிலத் தக்கவனாக்குவதே நோக்கம்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறிய வகைகளுள் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கூறி, அவற்றுள் இதனையும் சேர்த்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர் முதலிய சலுகைகளை உரிய சான்றிதழுடன் பெறலாம். ஆயினும், தனியார் பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களைச் சார்ந்தே உள்ளன. பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? அனுப்ப இயலாதவிடத்து மகன் படகிற்கோ கடைக்கோ போகிறான். மகள் வீட்டோடு நிற்கிறாள்.

மணலும் குரலும்

அப்பயிற்சிக்கு வேண்டிய பொருள்கள் அரியவை அல்ல. எழுத்தைக் கண்ணாற் கண்டு, வாயாற் சொல்லி, காதாற் கேட்டு, விரலால் தீட்டிப் பயிலும் முறையே இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அமெரிக்காவில் 1930களில் ஆர்ட்டன், கில்லிங்காம் ஆகியோர் வகுத்த வழி இதற்கு அடிப்படையாயிற்று. நம் திண்ணைப் பள்ளியிலும் பிள்ளைகள் எழுத்தைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர். ஆண்ட்ரூ பெல் அம்முறையைக் கண்டு சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் கையாண்டார். 1797இல் அதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது பெயர்பெற்றது. திண்ணைப் பள்ளியின் பிரம்பை நாம் மீட்க வேண்டா. மணலையும் குரலையும் மீட்டால் போதும். கடற்கரையோர்க்கு மணலுக்குப் பஞ்சமில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செவிவழி மனனம் நம் மதரசாக்களின் பெருஞ்செல்வம். ஆனால், நினைவாற்றல் மிக்க பிள்ளை மனப்பாடத்தால் வாசிப்புத் தடையை மறைத்துவிடக் கூடும். ஆகவே, பாடத்தின் இடையே ஒரு சொல்லைச் சுட்டி, 'இது யாது?' என ஆசிரியர் கேட்க வேண்டும். திணறின் கடிந்துகொள்ளாது, காரணத்தை ஆராய வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

சமுதாயப் பெரியோர் நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரையேனும் இப்பயிற்சிக்கு அனுப்பலாம். ஓர் அறையை ஒதுக்கி, நாள்தோறும் ஒரு மணி நேரம் இப்பிள்ளைகளுக்கு அளிக்கலாம். தேர்ச்சி விழுக்காடு குறையுமென அஞ்சி இவர்களை விலக்குவதைக் கைவிடலாம். தமிழ் பயிலும் கல்லூரி மாணவர்கள், ஒலியும் எழுத்தும் இணையும் எளிய பாடங்களை ஆக்கித் தரலாம்.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. அன்று எழுத்து, கற்பித்தவரை விடுவித்தது. நம் வகுப்பின் கடைசி வரிசையில் தலைகுனிந்து சிறைப்பட்டிருக்கும் பிள்ளையை விடுவிக்கும் கடமை நம்முடையது.