பத்திரத்தை எடுக்கும் முன்: விமானி வேலைக்குப் போகும் வழி

"பைலட் ஆக எவ்வளவு செலவாகும்?" பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளையின் ஆசையைக் கேட்ட பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். ஐம்பது லட்சத்துக்குக் குறையாது, ஒரு கோடியும் ஆகலாம் என்று பதில் வந்ததும் ஒன்று பேச்சு அங்கேயே நின்றுவிடும், அல்லது நிலத்துப் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வரும். இரண்டுமே அவசரம். செலவு குறைந்த சோதனைகளை முன்னாலும் செலவு கூடியவற்றைப் பின்னாலும் வைத்துக்கொண்டால், பெரிய தொகையைத் தொடும் முன்பே இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் உடம்பு

பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தனியாக எழுதிக்கொள்கிறார்கள். அடுத்தது மருத்துவப் பரிசோதனை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு கட்டாயம். கண்ணாடி போடுவது தடையில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல். காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புச் சான்றோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் வகுப்புச் சான்று கைக்கு வரும்வரை எந்த ஏஜெண்டிடமும் காசு கொடுக்க வேண்டாம்.

பிறகு பேப்பர்

டி.ஜி.சி.ஏ.யின் இணையதளத்தில் பதிந்து கம்ப்யூட்டர் நம்பர் வாங்கினால் எழுத்துத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். வான் விதிகள், வழிகாணல், வானிலையியல், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானம் பற்றிய தொழில்நுட்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வேண்டும். வானிலைக்கு ஐ.சி. ஜோஷி, விதிகளுக்கு ஆர்.கே. பாலி என்று பல தலைமுறை மாணவர்கள் படித்த புத்தகங்கள் உண்டு. வீட்டிலிருந்தே தொடங்கலாம். ரேடியோ பேசுவதற்கான ஆர்.டி.ஆர். உரிமம் தனி, அதில் வாய்மொழித் தேர்வும் உண்டு. பறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று பேப்பரையாவது தேறிவிடுவது நல்லது. ஒருவருக்கு இந்தப் படிப்பில் மனம் ஒட்டுகிறதா என்பதை அது சொல்லிவிடும்.

200 மணி நேரம்

வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, பறந்த நேரம் 200 மணி. அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் பயணம் 20 மணி. அதில் ஒன்று குறைந்தது 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறி. இரவுப் பறத்தலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதும் தனிக் கணக்கு. இவை எல்லாம் விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதால், பணம் தீர்ந்து பாதியில் நிறுத்தினால் பழைய மணிகள் காலாவதியாகும். கடன் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பள்ளியைத் தேர்வதில் நான் பார்க்கச் சொல்வது விளம்பரத்தை அல்ல. இப்போது பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள், போன வருடம் சேர்ந்தவர் எத்தனை மாதத்தில் முடித்தார் என்று பழைய மாணவர்களிடம் கேளுங்கள். 2025 முதல் டி.ஜி.சி.ஏ.யே பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது; அதையும் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. வெளிநாட்டில் பறந்து உரிமம் வாங்கினால் இங்கே அதை மாற்றிக்கொள்ளத் தனியாகத் தேர்வு எழுத வேண்டும்.

பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கை நாணயமாக எழுதுங்கள். 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். அதன்பின் காகிதங்களைத் துருவிப் பார்க்கும் வழக்கம் கூடியிருக்கிறது.

விமான நிறுவனம் எதைப் பார்க்கிறது

அமெரிக்காவில் 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். நம் நாட்டில் 200 மணி நேரத்தோடு ஏர்பஸ் 320-இன் வலது இருக்கையில் உட்காரலாம். கேப்டன் ஆவதற்குத்தான் 1,500 மணியும் ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை உரிமமும். இது நம் பிள்ளைகளுக்குச் சாதகம்போலத் தெரியும். ஆனால் எல்லாரும் அதே 200 மணியோடு வந்து நிற்பதால், மணிக்கணக்கு உங்களைக் கதவுவரைதான் கொண்டுவிடும். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன என்ற செய்தியைக் காட்டி ஆசை வளர்ப்பவர்கள், உரிமம் வாங்கியும் வேலைக்குக் காத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்வதில்லை. தட்டுப்பாடு அதிகம் இருப்பது அனுபவமுள்ள கேப்டன்களுக்கு.

உள்ளே போக இரண்டு பாதை. உரிமத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது ஒன்று. கேடட் திட்டம் இன்னொன்று: நிறுவனம் முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்து, பிறகு தான் சொல்லும் பள்ளிக்கு அனுப்பும். மொத்தச் செலவு கூடுதல்; ஒரு கோடியைத் தாண்டுவது சாதாரணம். ஆனாலும் தேர்வு முன்னால் வருகிறது, பெரும்பணம் பின்னால் வருகிறது என்பதால், வசதி இருக்கிறவர்களுக்கு இதுவே பத்திரமான வரிசை என்பேன். வேலை நிச்சயமா, நிபந்தனையோடு கூடிய வாக்குறுதியா என்பதை மட்டும் எழுத்தில் பாருங்கள்.

தேர்வு பொதுவாக இப்படிப் போகும்: எழுத்துத் தேர்வு, கணினியில் திறன் சோதனை, குழு உரையாடல், சில இடங்களில் சிமுலேட்டர், கடைசியாக நேர்காணல். திறன் சோதனையில் ஒரு கையால் திரையில் புள்ளியைத் துரத்திக்கொண்டே காதில் விழும் எண்களைக் கூட்டச் சொல்வார்கள். வழிமுறையை முன்கூட்டியே பழகிக்கொண்டால் பதற்றம் குறையும், அவ்வளவுதான்.

நேர்காணல்

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தொழில்நுட்பக் கேள்விகள் பெரும்பாலும் எளிய அடிப்படையிலிருந்து கிளம்பும். பெரம்பலூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் திருச்சி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27. காற்று 060 பாகையிலிருந்து 12 நாட் என்றால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள், பக்கக் காற்று எவ்வளவு? 09-இல். அது 090 பாகை, காற்றோடு கோணம் 30; சைன் 30 அரை என்பதால் பக்கக் காற்று 6 நாட். தினமும் திருச்சியின் வானிலை அறிக்கையை எடுத்து ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்து, இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பழகினால் இரண்டு வேலை முடியும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பயமுறுத்தும். சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை இருந்தால் உரிமத்துக்குப் போதும். அலங்கார உச்சரிப்பு தேவையில்லை, தெளிவு தேவை.

11 அக்டோபர் 2024 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். ஏன் உடனே இறங்கவில்லை? போயிங் 737-இல் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி கிடையாது. புறப்படும்போது உள்ள எடை, இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட எடையைவிட அதிகம். எரித்துத்தான் குறைக்க வேண்டும். இந்த மாதிரிக் கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்கிறவர், மனப்பாடம் செய்தவரிலிருந்து தனியாகத் தெரிவார்.

இன்னொரு திருச்சி நிகழ்வு இதைவிட முக்கியம். 12 அக்டோபர் 2018 அதிகாலை, துபாய் விமானம் ஒன்று புறப்படும்போது ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டுப் பறந்து, கடைசியில் மும்பையில் இறங்கியது. 136 பேருக்கும் காயமில்லை. புறப்படும் வேளையில் எஞ்சின் விசை தவறுதலாகக் குறைந்ததை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை என்றது விசாரணை. துணை விமானி என்பவர் கவனிக்கிறவர், கவனித்ததை வாய்விட்டுச் சொல்கிறவர். "உங்கள் கேப்டன் தவறு செய்கிறார், என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த நமக்கு இது சங்கடமான கேள்வி. "மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்பதோடு நிறுத்தினால் போதாது. முதலில் என்ன சொல்வீர்கள், அவர் கேட்காவிட்டால் அடுத்து என்ன, எந்தக் கட்டத்தில் கட்டுப்பாட்டை நீங்களே எடுப்பீர்கள் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

குடும்பம், ஊர் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறார், சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறார் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. கோச்சிங் சென்டர் எழுதிக்கொடுத்த பதிலை அந்த அறையில் இருப்பவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள்.

தேர்வானதும் டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி. பல லட்சம் ரூபாய் ஆகும். சில நிறுவனங்கள் தாங்களே ஏற்று, இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகின்றன. இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை, மருத்துவச் சான்று பறிபோனால் என்ன நடக்கும், பயிற்சிக் காலத்துச் சம்பளம் ஆகிய மூன்றையும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.