காய்ந்த முட்டையும் காத்திருக்கும்: கொசுவின் மரபணுக்கள் கற்பிக்கும் பாடம்

டெங்கு காய்ச்சலுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாரந்தோறும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். அப்படியிருந்தும் வீட்டில் கொசு எங்கிருந்து வருகிறது?" இது நியாயமான கேள்வி. கொசு வளரும்போது அதன் மரபணுக்கள் எந்த வரிசையில் செயற்படுகின்றன என்பதில் இதற்கு விடை இருக்கிறது. அந்த வரிசையை அறிந்தால், நம் முயற்சி எங்கே வீணாகிறது, எங்கே பலன் தருகிறது என்பது தெளிவாகும்.

மரபணு செயற்படுவது என்றால் என்ன?

டெங்கு, சிக்குன்குனியா ஆகிய நோய்களைப் பரப்புவதில் முதன்மையானது ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு. அதன் மரபணுத் தொகுப்பை அறிவியலாளர்கள் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதைவிடத் துல்லியமான வடிவம் 2018-இல் வெளிவந்தது. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 15,000 உள்ளன. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு ஆகிய நான்கு பருவங்களிலும் இருப்பவை அதே மரபணுக்களே. அவற்றுள் எவை விழித்துச் செயற்படுகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஒரே சமையல் குறிப்பு நூலில் காலையில் ஒரு பக்கத்தையும் மாலையில் வேறொரு பக்கத்தையும் திறப்பது போன்றது இது.

முட்டைப் பருவம்

புதிதாக இடப்பட்ட முட்டை வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். முதல் சில மணி நேரம், தாய்க்கொசு முட்டைக்குள் சேர்த்து வைத்த ஆர்.என்.ஏ. செய்திகளைக் கொண்டே கரு வளர்கிறது. பின்னர் கருவின் சொந்த மரபணுக்கள் விழிக்கின்றன. முதலில் விழிப்பவற்றுள் ஒன்று 'நிக்ஸ்'. ஆண் கொசுவிடம் மட்டுமே உள்ள இம்மரபணுதான் கருவை ஆணாக்குகிறது என்பது 2015-இல் கண்டறியப்பட்டது. மனிதரைக் கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே.

நமக்கு முக்கியமானது அடுத்து நிகழ்வது. முதல் நாள் முடிவதற்குள், கருவைச் சூழ்ந்துள்ள செல்கள் ஓட்டின் உட்புறத்தில் வலுவான உறை ஒன்றைச் சுரக்கின்றன. அவ்வுறை உருவாகும் முன் முட்டை காய்ந்தால் கரு சுருங்கி மடியும். உருவான பின்னரோ, ஈரமே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடிருக்கும். உள்ளே புழு முழுமையாக வளர்ந்து, தண்ணீர் வரும்வரை காத்திருக்கும்.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டும்போது புழுக்கள் வெளியேறும்; முட்டைகள் சுவரிலேயே தங்கிவிடும். மீண்டும் நிரப்பியதும் நீர் பட்டுப் பொரிக்கும். முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு விடை இதுவே. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

புழுவும் கூட்டுப்புழுவும்

புழுப் பருவத்தை இரண்டு ஹார்மோன்கள் ஆள்கின்றன. எக்டைசோன் என்பது தோலை உரிக்கத் தூண்டுகிறது. இளமை ஹார்மோன் என்பது புழுவைப் புழுவாகவே வைத்திருக்கிறது. நான்காம் புழு நிலையில் இளமை ஹார்மோன் குறைகிறது. உடனே புழுவுக்குரிய மரபணுக்கள் அடங்கி, கூட்டுப்புழுவுக்குரியவை விழிக்கின்றன.

பைரிப்ராக்ஸிஃபென் என்னும் மருந்து இந்த இளமை ஹார்மோனைப் போலவே நடிக்கிறது. தவறான நேரத்தில் தவறான கட்டளை கிடைப்பதால், கொசு முழுமை பெறாமல் பெரும்பாலும் கூட்டுப்புழு நிலையிலேயே மடிகிறது. எனினும், எந்த மருந்தை எந்தத் தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்பதைச் சுகாதாரப் பணியாளரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் தாமாகக் கலக்கக் கூடாது.

கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. ஏறத்தாழ இரண்டு நாட்களில் கொசுவாகப் பறந்துவிடும். வெப்பமான நம் ஊர்களில் முட்டை பொரித்துக் கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். வாரம் ஒருமுறை கழுவுங்கள் என நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இக்கணக்கே.

இரத்தம் குடித்த பின்

முட்டை வளர்வதற்கான புரதத்தைப் பெறவே பெண் கொசு இரத்தம் தேடுகிறது. குடல் இதற்கு முன்கூட்டியே ஆயத்தமாகிறது: செரிமான நொதி ஒன்றுக்கான ஆர்.என்.ஏ. ஏற்கெனவே உருவாகிக் காத்திருக்கும். இரத்தம் வந்ததும் நொதி உற்பத்தி தொடங்கும். அடுத்து, கொழுப்புத் திசுவில் மஞ்சள்கருப் புரதத்துக்கான மரபணு விழிக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் அது உச்சத்தை எட்டி, இரண்டாம் நாளில் அடங்கும். சுமார் மூன்று நாட்களில் 100 முட்டைகள் வரை ஆயத்தமாகும். அவற்றை இட்டபின் கொசு மீண்டும் இரத்தம் தேடும்.

டெங்கு நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் உள்ளபோது கொசு கடித்தால், அவ்வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன் பின் தன் வாழ்நாள் முழுவதும் அக்கொசு நோயைப் பரப்பும். காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னிருந்து, அது தணிந்து இரண்டு நாள் வரை நோயாளியிடமிருந்து கொசுவுக்கு வைரஸ் செல்லக்கூடும். ஆகவே, நோயாளிக்குக் கட்டும் கொசுவலை அவரை மட்டுமன்றி, அதே வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியவர்களையும் காக்கிறது. இக்கொசு பகலில் கடிப்பது. பகலிலும் வலை தேவை.

தொடுவதாலோ, இருமலாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ டெங்கு பரவாது. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம். கொசுவை ஒதுக்கி வைத்தால் போதும்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

1. தொட்டி, டிரம், அண்டா, குடம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து, நீர்மட்டம் இருந்த இடத்தைப் பிரஷ் அல்லது தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

2. கழுவிய நீரை வேறு பாத்திரத்திலோ சாக்கடையிலோ ஊற்றாமல், வெயில் படும் மண்தரையில் ஊற்றுங்கள்.

3. கோடையில் காய்ந்து கிடந்த டிரம், ஆட்டுக்கல் முதலியவற்றை மழைக்கு முன் தேய்த்துக் கழுவுங்கள். பழைய டயர்களையும் கொட்டாங்குச்சிகளையும் அகற்றிவிடுங்கள். அவற்றில் சென்ற பருவத்து முட்டைகள் இருக்கக்கூடும்.

4. பிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றையும் மறவாதீர்கள்.

5. காய்ச்சல் உள்ளவரைப் பகலிலும் இரவிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

6. காய்ச்சல் தணியும் நாட்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கொசுவின் மரபணுக்களை மாற்றி, பெண் கொசுக்கள் மட்டும் புழுப் பருவத்திலேயே மடியச் செய்யும் முறையை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021 முதல் திறந்தவெளியில் சோதித்துள்ளனர். அத்தகைய முறைகள் பரவலாகும் வரை, சுவரில் ஒட்டிக் காத்திருக்கும் முட்டையை அகற்றும் எளிய வழி நம் கையிலேயே இருக்கிறது.