புழங்குபொருள்களில் இனவாதப் படிமங்களும் சகிப்புத்தன்மைக் கல்வியும்: ஜிம் குரோ அருங்காட்சியகத்தை முன்வைத்து

முன்னுரை

ஒரு சமூகத்தின் கருத்துநிலையைச் சட்டங்களும் நூல்களும் மட்டுமன்றி, அடுக்களையிலும் கூடத்திலும் புழங்கும் பொருள்களும் தாங்கி நிற்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலுள்ள ஜிம் குரோ அருங்காட்சியகம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் புழங்குபொருள்களைத் திரட்டி வைத்துள்ளது. அவை சகிப்புத்தன்மையைக் கற்பிக்கும் கருவிகளாவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையும் சட்டமும் அங்காடியும்

'ஜிம் குரோ' என்பது, தாமஸ் ரைஸ் என்னும் வெள்ளையின நடிகர் 1830களில் முகத்தில் கரிபூசி ஆடிய நகைப்பாத்திரத்தின் பெயர். பின்னர் அதுவே தென்மாநிலங்களின் இன ஒதுக்கல் சட்டங்களைக் குறிக்கலாயிற்று. 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் பொதுவிடங்களில் ஒதுக்கலைத் தடைசெய்தது. எனினும் படிமம் அங்காடியில் நீடித்தது. 1889இல் தோன்றிய 'ஆன்ட் ஜெமைமா' பேன்கேக் மாவு, முகமலர்ச்சியுடன் ஏவல் செய்யும் கறுப்பினச் சமையற்காரியை வணிகச் சின்னமாக்கியது. அப்பெயர் 2021இல்தான் மாற்றப்பட்டது.

பொருள் பயிற்றும் செயல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விற்பனையான வார்ப்பிரும்பு உண்டியல் ஒன்று கறுப்பின ஆடவரின் மார்பளவு உருவில் அமைந்தது. அதன் கையில் காசை வைத்து நெம்புகோலை அழுத்தினால், கை உயர்ந்து காசை வாயிலிடும்; கண்கள் உருளும். சேமிப்பைக் கற்பிக்க வந்த இவ்வுண்டியல், இழிவுபடுத்துதலையும் விளையாட்டாகப் பயிற்றியது. நூலில் உள்ள கருத்தை மறுத்து வாதிட இயலும். விளையாட்டில் படிந்த பழக்கமோ வாதத்திற்கு இடம் தருவதில்லை. புழங்குபொருளின் வலிமை இதுவே.

உடைத்தலும் காத்தலும்

அருங்காட்சியகத்தை நிறுவிய டேவிட் பில்கிரிம், அலபாமாவில் கழிந்த தம் சிறுவயதில் முதன்முதலாக வாங்கிய இத்தகைய பொருளை அவ்விடத்திலேயே உடைத்தெறிந்தவர். சமூகவியல் பேராசிரியரான பின், தாம் திரட்டிய ஏறத்தாழ 2000 பொருள்களை 1996இல் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். காட்சிப்படுத்துதல் இழிவை மீண்டும் பரப்பாதா என்னும் ஐயம் நியாயமானதே. பொருளைத் தனித்து வைத்தால் அது பழைய நகைப்பையே எழுப்பக்கூடும். ஒதுக்கலின் வன்முறை, அதனை எதிர்த்த போராட்டம், கறுப்பினத்தவரின் சாதனைகள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்து, காண்போரை உரையாடவும் தூண்டும் இவ்வருங்காட்சியகத்தின் முறை அவ்வையத்திற்கு விடையாகிறது.

முடிவுரை

இனவாதப் படிமம் வெறுப்பால் மட்டுமன்றி, வேடிக்கையாலும் பழக்கத்தாலும் நிலைபெறுகிறது. ஆதலின், 'வெறுக்காதே' என்னும் அறவுரை மட்டும் போதாது. 'இதில் நகைப்பதற்கு என்ன இருந்தது?' என்ற வினாவை எழுப்புவதே சகிப்புத்தன்மைக் கல்வியின் தொடக்கம் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.