பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. திருநள்ளாறு கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறேன். எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாள் நூல் முடிச்சு நன்றாகத் தெரிகிறது, சில நாள் மங்கலாக இருக்கிறது. சனிக்கிழமை விரதத்தன்று மங்கல் அதிகம். கண் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் போதுமா?

பதில்: இப்போதைக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டாம், அம்மா. நாளுக்கு நாள் மாறும் மங்கல் பெரும்பாலும் சர்க்கரை ஏறி இறங்குவதால் வருவது. சர்க்கரை கூடினால் கண்ணின் வில்லை நீர் ஏற்று உப்பும், பவர் மாறும். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகே சரியான பவர் தெரியும்.

விரத நாளில் இரண்டு விதமாகவும் நடக்கும். சாப்பிடாமல் மாத்திரை போட்டால், சில மருந்துகள் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும்; பார்வை மங்கும், வியர்க்கும், கை நடுங்கும். மாத்திரையை விட்டுவிட்டு இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும். மங்கலாகத் தெரியும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் விரதத்தைப் பார்க்காமல் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று அடுத்த விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது விழித்திரையைப் பற்றித்தான். பல வருஷச் சர்க்கரையில் அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகிக் கசியும். முற்றினால் புதிதாக முளைக்கும் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. "நன்றாகத்தானே தெரிகிறது" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

நம் பகுதிக்கு இந்தப் பரிசோதனை இன்னும் முக்கியம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி, புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தேசிய சராசரி 11.4 சதவீதம். திருநள்ளாறு இருக்கும் காரைக்கால் மாவட்டமும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததுதானே!

உங்களைப் போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்கள், நோய் தெரிந்த உடனேயும் பிறகு வருஷம் ஒருமுறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிக்க வைப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பார்கள், அல்லது விழித்திரையைப் படம் எடுப்பார்கள். சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். அன்று நூலும் பூவும் கையில் எடுக்க முடியாது; வியாபாரம் குறைந்த வாரநாளாகப் பார்த்துப் போங்கள். வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் கேளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரை அட்டை, ரத்த அழுத்தச் சீட்டு, பழைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: விழித்திரையில் பாதிப்பு உண்டா, எந்தக் கட்டத்தில்? நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா? அடுத்து எப்போது வர வேண்டும்?

பாதிப்பு இருந்தாலும் இடிந்துபோக வேண்டாம். லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. ஆனால் போன பார்வையை முழுதாக மீட்பதைவிட, இருக்கும் பார்வையைக் காப்பதில்தான் இவற்றுக்குப் பலம் அதிகம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். மிக அதிகமாக இருக்கும் சர்க்கரையை மருந்து மாற்றி வேகமாகக் குறைப்பதாக இருந்தால், அதற்கு முன் கண்ணைப் பார்த்துவிடுங்கள். சிலருக்கு அந்தச் சமயத்தில் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடும்.

திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, ஒரு கண்ணில் பார்வை சட்டென்று குறைந்தாலோ நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், கடைசியாகச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் இந்த வாரமே கிளம்புங்கள்.