கண்ணாடி இழையில் ஒளி

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கின்றோம். தம் ஆசிரியர் இவ்வாறு சொன்னபோது அதை ஏற்க மனம் வரவில்லை எனப் பின்னாளில் கூறியவர், 1926இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகள் பலவற்றைக் கட்டாக்கி, அவற்றின் வழியே ஓர் உருவத்தை மறுமுனைக்கு அனுப்பினார். 1954இல் அச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இழைக்குள் புகுந்த ஒளி அதன் சுவரில் பட்டுப்பட்டு உள்ளேயே திரும்புகின்றது. ஆதலின் இழை வளைந்தால் ஒளியும் உடன் செல்கின்றது. நம் பாட்டனார் பால் மரத்தில் இட்ட வெட்டுக்கோட்டின் வழியே பால் வழிந்து கோப்பையில் சேர்ந்ததை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் பால் கீழ்நோக்கியே வழியும். இழைக்குள் ஒளிக்கு மேடும் பள்ளமும் ஒன்றே.

எனினும் அன்றைய இழையில் 20 மீட்டர் சென்றதும் நூற்றில் ஒரு பங்கு ஒளியே எஞ்சியது. கண்ணாடியில் கலந்த மாசே காரணம் என 1966இல் காட்டியவர் ஷாங்காயில் பிறந்த பொறியியலாளர் சார்லஸ் காவ். தொலைபேசிச் செய்தி கடல்கடந்து ஒளியாய்ச் செல்ல வழி பிறந்தது.

2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி காவுக்குக் கிடைத்தது. கபானிக்கும் ஒரு பங்கு தந்திருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம். அவர் 2020இல் மறைந்தார்; மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.