எம்டன் கூஸ்: அறுப்புக்கு நாள் குறிக்கும் இறகு

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், வட கடலோரத்து ஈரப் புல்வெளிகளில் வளர்ந்து, அங்குள்ள துறைமுக நகரான எம்டனின் பெயரால் வழங்கும் கூஸ் வாத்தினம் (1914 செப்டம்பரில் சென்னையின் மீது குண்டு பொழிந்த போர்க்கப்பலுக்கும் அந்நகரின் பெயர்தான்), இறைச்சிக்கும் இறகுக்கும் ஒருசேர வளர்க்கப்படுவது. தூய வெள்ளை இறகும் ஆரஞ்சு அலகும் நீலக் கண்ணும் கொண்ட இவ்வினத்தின் ஆண் 10 கிலோவைத் தாண்டுவது உண்டு என்பதால் வளர்ப்போர் பெரும்பாலும் தராசையே பார்க்கின்றனர். ஆயினும் அறுப்புக்கு நாள் குறிப்பது எடையன்று, இறகே என்பதைப் பண்ணை அனுபவம் விரைவில் உணர்த்திவிடும்.

குஞ்சின் முதல் இறகுத் தொகுதி ஏறத்தாழ 9 அல்லது 10 வாரத்தில் நிறைவடைகிறது. அடுத்த சில நாட்களிலேயே அவ்விறகுகள் உதிரத் தொடங்கி, அவற்றின் இடத்தில் குருத்திறகுகள், அதாவது உறை கழலாமல் அடியில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் இளம் இறகுகள், தோலுக்குள்ளிருந்து கிளம்பிவிடுவதால், அச்சிறு இடைவெளியைத் தவறவிட்டவர் 15, 16 வாரம் வரை பறவைக்குத் தீனி போட்டுக் காத்திருக்க நேரிடும். இடையில் அறுத்தால் குருத்துகள் பாதியில் முறிந்து தோலெங்கும் கரும்புள்ளிகளாகத் தங்கிவிடும். இறைச்சி நன்றாகவே இருந்தாலும் அத்தோற்றத்தைக் கண்டு வாங்குபவர் முகம் சுளிப்பார். ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாமல், பறவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மார்பு, விலா, வாலடி ஆகிய இடங்களில் இறகை எதிர்த்திசையில் நீவிப் பார்ப்பதே உறுதியான வழி: விரலில் முள்போல் எதுவும் நெருடாமல், இறக்கை நுனிகளும் வாலின் மேல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நின்றால் பறவை தயார். ஜெர்மானியர் கூஸ் விருந்துண்ணும் புனித மார்ட்டின் நாள் நவம்பர் 11 ஆதலால், அவ்விருந்துக்கென வளர்ப்போர் குஞ்சு பொரிக்கும் காலத்தையே அந்நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது நலம்.

குஞ்சுப் பருவத்தில் இரண்டு கவனங்கள் போதும். முதல் மூன்று வாரம் புரதம் மிகுந்த தீனியைக் கொடுத்துவிட்டுப் பிறகும் அதையே தொடர்ந்தால், எலும்பை முந்தி வளரும் இறகின் பாரம் தாங்காமல் இறக்கை வெளிப்புறமாகத் திருகிக்கொள்ளும். எனவே மூன்று வாரம் முடிந்ததுமே குட்டையான இளம்புல்லுக்கு மாற்றிவிட வேண்டும். நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவதால், கோழித் தீவனத்தையே கொடுப்பவர் அதனுடன் ஈஸ்டைச் சேர்க்காவிட்டால் குஞ்சின் கால் வளைய இடமுண்டு. நீந்தக் குளம் கட்டாயமில்லை, மூக்குத் துளை வரை அலகை அமிழ்த்தும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் சரி.

இறகுக்கு மதிப்புத் தருவது அதன் உள்ளடுக்கான தூவி, அதாவது விறைத்த நடுத்தண்டில்லாத பஞ்சு போன்ற மென்னிறகு. மெல்லிய வெண்துணிக்குள் அடைத்தாலும் நிறம் வெளித்தெரியாது என்பதால், சாம்பல் நிறத் துலூஸ் இனத்தின் தூவியைவிட இதற்கு வரவேற்பு அதிகம். உயிருள்ள பறவையிடமிருந்து இறகு பிடுங்கலாகாது என ஐரோப்பிய மன்றம் 1999இல் பரிந்துரைத்திருப்பதும் முற்றிலும் நியாயமே, கூஸ் வளர்ப்பவருக்கு அறுப்பு நாளில் கிடைக்கும் இறகே போதும். தூவியைக் காக்க விரும்புபவர் உலர்நிலையிலேயே கையால் பறிப்பது நன்று. வெந்நீரில் அமிழ்த்துவதாயின், எண்ணெய்ப்பசை மிக்க இறகுக்குள் வெறும் நீர் எளிதில் புகாதாகையால் சில சொட்டு சோப்புக் கரைசலைச் சேர்த்து, இறகுக்கு எதிராகப் பறவையை மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். எஞ்சிய மயிரிழைகளுக்கு உருக்கிய மெழுகில் தோய்த்துக் குளிர்நீரில் இறுகவிட்டு ஏடாக உரிப்பது வழக்கம். ஈரத்தோடு மூட்டை கட்டிய தூவி விரைவில் நாற்றமெடுப்பதால், அதைச் சன்னமான பருத்திப் பைகளில் தளர்வாக நிரப்பிக் காற்றோட்டத்தில் தொங்கவிட்டு, அவ்வப்போது பையை உதறிவிட வேண்டும்.