இருப்பு ஒரு லட்சம், செலவிடக்கூடியது எவ்வளவு?

எட்டாம் வகுப்பில் வரவு செலவுக் கணக்குகளை நடத்தும்போது, கடைக்காரரின் இலாப நட்டத்தோடு ஒரு சேவைச் சங்கத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர்களுக்கு அரிமா சங்கம், ரோட்டரி சங்கப் பலகைகள் பழக்கமானவை. சங்கத்தின் பணம் யாருடையது என்பதே இப்பாடத்தின் கேள்வி.

செயல்பாடு

ஒரு கற்பனைச் சங்கத்தின் விவரத்தைக் கரும்பலகையில் எழுதினேன்.

• உறுப்பினர்கள் 20 பேர். ஆண்டுச் சந்தா தலா ரூ.1,200
• நிர்வாகச் செலவு மாதம் ரூ.1,500
• வங்கி இருப்பு ரூ.1,00,000. இதில் கண் சிகிச்சை முகாமுக்குப் பொதுமக்கள் தந்தது ரூ.40,000, கல்வி உதவிக்கு ஒரு நன்கொடையாளர் தந்தது ரூ.30,000, சந்தாவில் மிஞ்சியது ரூ.30,000

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை மாணவர்கள் மறக்கவில்லை. “அப்படியொரு வெள்ளத்தில் இச்சங்கம் உடனே எவ்வளவு தரலாம்?” என்று கேட்டேன். “ஒரு லட்சம்” என்றனர் பலர்.

பிரித்துப் பார்த்தல்

அரிமா சங்கங்கள் நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என இரண்டைத் தனித்தனியே வைக்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டியதை நிர்வாகத்துக்கு எடுக்கக் கூடாது. சந்தா மிச்சத்தைச் சேவைக்குத் தரலாம். இதை விளக்கியதும் விடை மாறியது. ரூ.70,000 குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணம். தந்தவர்களின் இசைவின்றி அதைத் திருப்பிவிட முடியாது. மீதி ரூ.30,000இல் ஆறு மாத நிர்வாகச் செலவு ரூ.9,000ஐக் காப்பு நிதியாக நிறுத்தினால், கையில் நிற்பது ரூ.21,000.

அடுத்த கேள்வி: அதை முழுதும் கொடுத்தால் மீண்டும் சேர எத்தனை ஆண்டு? சந்தா வரவு ரூ.24,000, செலவு ரூ.18,000, ஆண்டு மிச்சம் ரூ.6,000. ஆக, மூன்றரை ஆண்டு!

விவாதம்

இங்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “அடுத்த ஆண்டும் புயல் வரலாம், பாதியை வைக்க வேண்டும்” என்றது ஒரு குழு. “வெள்ளத்துக்கு உதவாத சேமிப்பு எதற்கு?” என்றது மற்றொன்று. இரண்டும் சரியான வாதங்களே. எதைத் தேர்ந்தாலும் கூட்டத்தில் முடிவெடுத்து, காரணத்தைத் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும் என்பதில் இரு குழுக்களும் உடன்பட்டன.

ஆசிரியர்கள் இதே முறையில் பள்ளியின் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சுற்றுச்சூழல் மன்றம் ஆகியவற்றுக்கு மாதிரிக் கணக்கு எழுதச் செய்யலாம். ஒவ்வொரு தொகைக்கும் அருகில் ‘யார் தந்தது, எதற்காக’ என்ற இரு கட்டங்கள் இருக்கட்டும். கூட்டல் கழித்தலோடு நம்பிக்கையைக் காக்கும் பழக்கமும் வளரும்.